புதிதாகச் செய்த எஞ்சினும் அதன் முதல் ஒயிலும்

எமது குடாநாட்டில் ஒரு காரின் எஞ்சின் தேய்ந்துவிட்டால் காரையே தள்ளிவிடும் வழக்கம் என்றும் இருந்ததில்லை. 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் முதன்முதல் வெளிவந்த மொறிஸ் மைனரும், 1950களின் ஒஸ்ரின் ஏ-40 சோமசெற்றும், அதன் பின்வந்த ஒஸ்ரின் கேம்பிறிஜும் பிறந்த நாட்டிலே காட்சிப் பொருளாகிவிட்ட பின்னரும், யாழ்ப்பாணத்து வீதிகளில் கலியாணத்துக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆட்களை ஏற்றி இறக்கி வந்துள்ளன. இன்றும் சில ஓடுகின்றன. 2020 மார்ச் மாதத்தில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடங்களில் பழைய காரின் விலை ஏறிய விதத்தை எல்லோரும் அறிவோம். ஆகவே கையிலிருக்கும் காருக்கு எஞ்சின் செய்து ஓடுவதே இன்னும் பலருக்கு முடியக்கூடிய வழியாக இருக்கின்றது.

எஞ்சின் செய்வதற்குக் கடன் பட்டவர்கள் உண்டு. நகையை அடைவு வைத்தவர்களும் உண்டு. அப்படிச் செலவழித்து எடுத்த எஞ்சினை ஐம்பது மைல் ஓடியதும், "உள்ளே இருக்கும் ஒயிலை ஊற்றிவிட்டுப் புது ஒயில் விடுங்கள்" என்று மெக்கானிக் சொன்னால், அநேகர் தயங்குகின்றனர். போன கிழமை விட்ட ஒயில், இன்னும் கறுக்கவுமில்லை, அதை ஏன் ஊற்ற வேண்டும் என்பது நியாயமான கேள்வி போலத் தோன்றும். இப்பாடம் அக்கேள்வியைப் பற்றியது.

முதலில், கராஜிலும் லேத் பட்டறையிலும் என்ன நடந்தது என்பதைப் பார்ப்போம்.

எஞ்சின் செய்வது என்றால் பெரும்பாலும் மூன்று வேலைகள். சிலிண்டர்களைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்ரனும் றிங்கும் போடுவது ஒன்று. கிறாங் தண்டின் தேய்ந்த கழுத்துகளைச் சாணை பிடித்துச் சிறிதாக்கி, அதற்கேற்ற தடித்த பெயாறிங் போடுவது மற்றொன்று. வால்வுகளை அரைத்துப் பொருந்தச் செய்வது மூன்றாவது. பட்டறையில் "பத்து", "இருபது", "முப்பது", "நாற்பது" என்று பேசிக்கொள்வார்களே, அது ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து அதில் இத்தனை பங்கு என்ற கணக்கு. ஒவ்வொரு தடவை எஞ்சின் செய்யும்போதும் ஒரு படி ஏறுகின்றோம். நாற்பதுக்கு மேலே பொதுவாகப் படி இல்லை. பின்பு சிலிண்டருக்கு லைனர் அடிக்க வேண்டும், அல்லது வேறு புளொக் தேட வேண்டும். எழுபது வருடத்துக்கு முந்திய காருக்கு நல்ல புளொக் எங்கே தேடுவது? ஒழுங்காக ஓடிப் பழக்காமல் ஓர் எஞ்சினைக் கெடுத்தால் போவது காசு மாத்திரமல்ல. அந்தப் புளொக்கின் ஆயுளில் ஒரு படியும் போய்விடுகின்றது.

கடைந்து முடிந்த சிலிண்டர்ச் சுவர் கண்ணாடி போல வழவழப்பாக இருக்கும் என்று நினைப்பது பிழை. நல்ல பட்டறையில் கடைசியாக ஒரு கல்லைச் சுழற்றி மேலும் கீழும் இழுத்து, சுவரெங்கும் குறுக்குமறுக்கான மெல்லிய கீறல்களை வேண்டுமென்றே உண்டாக்குவார்கள். அக்கீறல்களின் பள்ளத்தில் ஒயில் தங்கும். அவற்றின் மேடுகள் புது றிங்கின் முகத்தை அரம் போல அராவும்; றிங்கும் மேடுகளை அராவும். இரண்டும் ஒன்றையொன்று தேய்த்துத் தேய்த்துத்தான் காற்றுப் போகாதபடி பொருந்துகின்றன. கிறாங் கழுத்தும் பெயாறிங்கும், கம் தண்டும் ரப்பெற்றும், ஒயில் பம்பின் பற்களும் இதுபோலவே தம் மேடுகளைத் தேய்த்துக்கொள்கின்றன. கராஜ்காரர் "றன்னிங் இன்" என்று சொல்வது இதைத்தான். தமிழில் ஓடிப் பழக்குதல் எனலாம்.

அப்படித் தேய்ந்த இரும்புத் தூள் எங்கே போகும்? ஒயிலுக்குள்ளேதான். வேறு போக்கிடம் அதற்கு இல்லை. அதனோடு, எவ்வளவுதான் கவனமாகக் கழுவினாலும் புளொக்கின் மூலைகளில் ஒளிந்திருந்த சாணைத் தூள், துடைத்த துணியின் நூல், காஸ்கற்றுக்குப் பூசிய பசையின் பொருக்கு, பொருத்தும்போது பூசிய கிறீஸ் ஆகியனவும் முதல் ஓட்டத்திலேயே கழுவுப்பட்டுச் சம்புக்கு வருகின்றன. பிற்காலத்து ஒயில் எஞ்சினை வழுக்கச் செய்து குளிர வைக்கின்றது. முதல் ஒயில் அவற்றோடு தும்புத்தடியின் வேலையையும் சேர்த்துச் செய்கின்றது. வீடு கட்டி முடித்ததும் தரையைக் கழுவிய தண்ணீரை வாளியோடு வீட்டுக்குள் வைத்திருப்பார் உண்டா?

கறுக்கவில்லை என்ற நியாயத்துக்கு வருவோம். ஒயில் கறுப்பது எரிபொருளின் புகைக் கரியால். தேய்ந்து பொருந்தாத பழைய எஞ்சினிலே கரி அதிகம், ஆகவே விரைவில் கறுக்கும். புது எஞ்சினின் ஒயிலில் கரி குறைவு, உலோகத் தூள் அதிகம். அத்தூளில் மிகப் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது. ஓடும் எஞ்சினில் கிறாங் கழுத்துக்கும் பெயாறிங்குக்கும் நடுவே நிற்கும் ஒயில் படலத்தின் தடிப்பு, மிக நெருங்கும் இடத்தில், ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சில பங்குதான். தலைமயிர் ஒன்றின் தடிப்பு அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல். கண் காணாத தூளும் அப்படலத்தைக் கடந்து பெயாறிங்கைக் கீறவல்லது என்பதற்கு இக்கணக்குப் போதும். பார்வைக்குத் தேன் நிறமாக இருக்கும் ஒயில் சுத்தமான ஒயில் ஆகிவிடாது.

பில்ரர் இருக்கின்றதே என்பார்கள். பில்ரர் பெருந்துணிக்கையைப் பிடிக்கும். மிக நுண்ணியதை விட்டுவிடும். அதுவுமல்லாமல், குளிர்ந்த தடித்த ஒயில் பில்ரருக்குள்ளால் போக மறுக்கும்போது, பெயாறிங் காயக்கூடாது என்பதற்காக ஒரு சிறு வால்வு திறந்து ஒயிலை வடிக்காமலே விட்டுவிடும். காலையில் எஞ்சினைத் தொடக்கும் முதல் நிமிடங்களில் நடப்பது பெரும்பாலும் இதுவே. மிகப் பழைய சில எஞ்சின்களில் ஒயிலின் ஒரு பகுதி மாத்திரமே பில்ரர் வழியாகப் போய்வரும். மிகுதி அப்படியே பெயாறிங்குக்குப் போகும். உங்கள் காருடையது எவ்வகை என்று மெக்கானிக்கிடம் கேட்டு வைத்திருங்கள்.

மண்ணெண்ணெய்க் காலம்

எங்கள் பகுதியில் ஒயிலைப் பற்றிய பல தவறான பழக்கங்கள் எங்கிருந்து வந்தன என்று யோசித்தால் 1990ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அவ்வருடம் ஜூன் மாதத்தில் யுத்தம் மீண்டும் தொடங்கி, பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல் அருந்தலாகி, ஏ-40களும் மைனர்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைத் தொடக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, அந்தப் புகை மணத்தோடு வருடக்கணக்கில் பிழைத்தோம். அக்காலத்தில் எஞ்சின்களை உயிரோடு வைத்திருந்த மெக்கானிக்மாரின் கெட்டித்தனத்தை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆனால் மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாகாது. எரியாத பகுதி சிலிண்டர்ச் சுவரில் ஈரமாகப் படிந்து, அங்கிருந்த ஒயிலையும் கழுவிக்கொண்டு றிங்கைத் தாண்டிச் சம்புக்குள் வடியும். அதனாலே ஒயில் அளவு பார்க்கும் கம்பியில் மட்டம் குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டு வரும். ஒயில் கூடினால் நல்லதுதானே என்று நினைக்கத் தோன்றும். கூடியது ஒயிலல்ல, மண்ணெண்ணெய். அது ஒயிலைத் தண்ணீர் போல இளக்கிவிடும். மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின்களுக்கு அடிக்கடி ஒயில் மாற்ற வேண்டியிருந்தது. பெற்றோலியப் பொருட்களே வராத காலத்தில் அதை எப்படிச் செய்வது? பழைய ஒயிலைப் பல நாள் அடையவிட்டு, தெளிந்ததைத் துணியில் வடித்து மீண்டும் விடும் வழி ஒன்றுதான் மிஞ்சியது. இல்லாமையில் செய்தது குற்றமாகாது. ஆனால் ஒயில் கடையில் கிடைக்கும் இக்காலத்தில், புதிதாகச் செய்த எஞ்சினுக்கு வடித்த ஒயிலை விடுவது பெரும் பிழை. துணியில் வடித்தால் மண் போகும், இரும்புத் தூள் போகாது.

இதே காலத்தின் இன்னொரு மிச்சம், ஒயில் மாற்றும்போது சம்புக்குள் மண்ணெண்ணெய் விட்டு எஞ்சினைச் சற்று ஓட்டிக் கழுவுவது. இதை இன்றும் அக்கறையோடு செய்கின்றவர்கள் இருக்கின்றனர். புது எஞ்சினுக்கு இதை ஒருபோதும் செய்யாதீர்கள். பெயாறிங்கிலுள்ள ஒயில் படலத்தை மண்ணெண்ணெய் கழுவிவிடும். உலோகம் உலோகத்தோடு உரசும். எவ்வளவு வடித்தாலும் ஒயில் ஓடும் துவாரங்களில் கொஞ்சம் தங்கி, புதிதாக விடும் ஒயிலையும் இளக்கும். எஞ்சின் சூடாக இருக்கும்போது ஒயிலை நன்றாக வடியவிட்டால் அதற்கு மேற்பட்ட கழுவல் வேண்டியதில்லை.

ஓடிப் பழக்கும் விதம்

புது எஞ்சினை மெதுவாக, மிக மெதுவாக, குழந்தையைத் தூக்குவது போல ஓட்ட வேண்டும் என்றொரு நம்பிக்கை உண்டு. அது பாதிதான் சரி. றிங்கைச் சுவரோடு அழுத்திப் பிடிப்பது அதன் சொந்த வில்விசை மாத்திரமல்ல. பெற்றோல் எரிந்து விரியும் காற்று றிங்கின் பின்பக்கத்துக்குப் போய் அதை வெளியே தள்ளுகின்றது. எக்சிலேற்றரை மிதிக்காமல் உருட்டிக்கொண்டே போனால் அந்த அழுத்தம் வராது. றிங் சுவரை அராவாமல் தடவிக்கொண்டேயிருக்கும். ஒயில் வெந்து சுவரில் ஒரு வழுவழுப்பான பூச்சாகப் படிந்துவிடும். பின்பு அந்த றிங் எத்தனை ஆயிரம் மைல் ஓடினாலும் பொருந்தாது. ஒயில் குடித்து நீலப் புகை விடும் எஞ்சின்களில் சில இப்படி அளவுக்கு மிஞ்சிய அன்பினால் கெட்டவை.

எங்கள் நாடு தட்டை நாடு. மலைநாட்டுக்காரர் ஏற்றத்தில் பெறும் சுமையை நாம் எக்சிலேற்றரால் உண்டாக்க வேண்டும். மூன்றாம் கியரில் மணிக்கு இருபது மைலிலிருந்து முப்பத்தைந்து வரை அளவாக மிதித்து ஏற்றி, பின்பு காலை எடுத்து எஞ்சினே காரைப் பிடித்து மெதுவாக்க விடுங்கள். மிதிக்கும்போது றிங் அழுத்துப்படும். காலை எடுக்கும்போது சிலிண்டருக்குள் உறிஞ்சல் உண்டாகி, மேலேறும் சிறிது ஒயில் சுவரைக் குளிர்வித்துத் தூளையும் கழுவும். ஒரு பத்துத் தடவை இப்படிச் செய்தபின் சாதாரணமாக ஓடலாம். முதல் 500 மைலுக்கு மணிக்கு 45 மைலைத் தாண்ட வேண்டாம். எக்சிலேற்றரை அடிவரை மிதிக்க வேண்டாம். மேல் கியரில் வைத்து எஞ்சினைத் திணறவிடவும் வேண்டாம். ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓடுவதும் நல்லதல்ல. 500 மைல் என்பது யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு ஏறக்குறைய பன்னிரண்டு தடவை போய்வரும் தூரம். பெரிய காத்திருப்பல்ல.

கம் தண்டும் ரப்பெற்றும் புதிதாகப் போட்டிருந்தால் ஒரு விசேட கவனம் வேண்டும். எஞ்சின் முதல் தடவை உயிர்பெற்றதும், அதைத் துடிப்புக் குறைந்த நிலையில் விடாமல், நிமிடத்துக்கு 2000 சுற்றளவில் இருபது நிமிடம் வரை ஓடவிட வேண்டும். இவ்வகை எஞ்சின்களில் கம் தண்டுக்கு ஒயில் பெரும்பாலும் கிறாங்கிலிருந்து தெறித்தே கிடைப்பதால், மெதுவாக ஓடும்போது போதியளவு வராது. தண்ணீர் ஒழுகுகின்றதா, ஒயில் ஒழுகுகின்றதா என்று அதற்குள் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

தண்ணீர் என்றதும் ஒரு வார்த்தை. எங்கள் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைப் பொருக்கு றேடியேற்றருக்குள்ளும் புளொக்கின் தண்ணீர்ப் பாதையிலும் படியும். புது றிங் வழமையைவிட அதிகம் சூடு உண்டாக்கும் இந்த நாட்களில் றேடியேற்றர் அடைத்திருந்தால் பிஸ்ரன் இறுகிவிடும். மழைநீரைப் பிடித்து வைத்து அதையே விடுங்கள்.

எப்போது மாற்றுவது

முதல் மாற்றம் முதல் 50 மைலுக்குள். சிலர் முதல் இருபது நிமிட ஓட்டம் முடிந்தவுடனேயே மாற்றிவிடுவர். அது இன்னும் நல்லது. பொருத்தும் வேலையின் குப்பை முழுவதும் இந்த ஒயிலோடு வெளியேறும். இரண்டாம் மாற்றம் 500 மைலில். அக்காலப் பிரித்தானியக் கார்களோடு வந்த கைநூல்களிலும் முதற் சேவிஸ் 500 மைலில்தான். கியர்ப் பெட்டி, பின் அச்சு ஆகியவற்றின் ஒயிலையும் அப்போதே மாற்றச் சொன்னார்கள். சிலிண்டர்த் தலையின் நட்டுகளை அளவுப்படி மீண்டும் இறுக்கி, ரப்பெற் இடைவெளி பார்ப்பதும் அந்த நாளில்தான். மூன்றாம் மாற்றம் 1500 மைலளவில். அதன்பின் 3000 மைலுக்கு ஒரு தடவை என்ற வழமைக்கு வரலாம். தூசி நிறைந்த ஒழுங்கைகளிலும் குறுந்தூரத்திலும் ஓடும் கார் என்றால் 2000 மைல்.

செலவைக் கணக்குப் பாருங்கள். மைனருக்கோ ஏ-40க்கோ ஒரு தடவைக்கு ஏறக்குறைய நான்கு லீற்றர் வேண்டும். மூன்று மாற்றத்துக்கும் ஏறக்குறைய பன்னிரண்டு லீற்றரும் மூன்று பில்ரரும். 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின் ஒயில் விலை ஏறியது உண்மை. இருந்தும் கிறாங் சாணை பிடிக்கவும், பெயாறிங்குக்கும், பிஸ்ரனுக்கும், கூலிக்கும் கொடுத்த காசோடு வைத்துப் பார்த்தால் இது சிறு பங்கு. எஞ்சின் செய்யக் காசு சேர்க்கும்போதே இந்தப் பன்னிரண்டு லீற்றரையும் அந்தக் கணக்கினுள் சேர்த்துவிடுவதே புத்தி. பின்பு பார்ப்போம் என்று விட்டால் பின்பு காசு இராது.

எந்த ஒயில் என்ற கேள்விக்கு நீண்ட விடை தேவையில்லை. முதல் 1500 மைலுக்குச் சாதாரண கனிம ஒயில். இப்பழைய எஞ்சின்களுக்கு 20டபிள்யூ-50 தடிப்பு எமது வெயிலுக்குப் பொருந்தும். விலை கூடிய சிந்தெற்றிக் ஒயிலை இப்போது விட வேண்டாம். அது மிக நன்றாக வழுக்குவதால் றிங் பொருந்துவதைத் தாமதப்படுத்தலாம். ஒயிலில் தேய்மானத்தைத் தடுக்கும் நாகச் சேர்க்கை ஒன்று உண்டு. புதுக் கார்களின் புகைச் சுத்திகரிப்பானைக் காப்பதற்காக, அவற்றுக்கென்று வரும் மெல்லிய ஒயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். பழைய கார்களின் தட்டை ரப்பெற்றுக்கு அது தேவை. இக்காரணத்தாலும் புதுக் காருக்கான மெல்லிய ஒயிலைப் பழைய காருக்கு விடக்கூடாது. போலி ஒயில் எங்கும் உலாவுவதால், நம்பிக்கையான கடையில் மூடி உடைக்காத கலனாக வாங்குங்கள்.

ஊற்றும்போது பார்க்க வேண்டியவை

காரை ஒரு பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, மட்டமான இடத்தில் நிறுத்துங்கள். சூடான ஒயிலில் தூள் மிதந்தபடி வெளியே வரும். ஆறிய ஒயிலில் அது சம்பின் அடியிலேயே தங்கிவிடும். காரை உயர்த்துவதானால் யாக்கை மாத்திரம் நம்பி அடியில் போகாதீர்கள். உறுதியான மரக்குற்றி வைத்து, சில்லுக்கும் கல் அணை கொடுங்கள். சம்பின் நட்டைக் கழற்றியபின் இருபது நிமிடமாவது சொட்டவிட வேண்டும். அவசரக்காரருக்கு இந்த வேலை சரிவராது.

வடிந்த ஒயிலில் சிறிதை வெள்ளைப் பீங்கான் கோப்பை ஒன்றில் எடுத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். ஒரு காந்தத்தைக் கடதாசியில் சுற்றி அதனுள் அலையவிடுங்கள். பழைய ஒலிபெருக்கியின் காந்தம் போதும். முதல் ஒயிலில் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை போல ஒட்டுவதும், வெயிலில் மெல்லிய மினுமினுப்புத் தெரிவதும் வழமை. பயப்பட ஒன்றுமில்லை. இரண்டாம் தடவை அது வெகுவாகக் குறைந்திருக்க வேண்டும். மூன்றாம் தடவை ஏறக்குறைய இல்லாமற்போக வேண்டும்.

நகத்தில் பிடிக்கக்கூடிய செதிள்கள் இருந்தால் வேறு கதை. காந்தத்தில் ஒட்டாத, மென்மையான வெள்ளிநிறச் செதிள் பெயாறிங்கின் மேற்பூச்சு. செம்புநிறம் தெரிந்தால் பெயாறிங்கின் உட்படையோ ஏதாவது புஷ்ஷோ அரைபடுகின்றது. காந்தத்தில் ஒட்டும் ஊசி போன்ற துண்டுகள் றிங், கம் தண்டு அல்லது பற்சில்லின் துண்டாக இருக்கலாம். இவற்றில் எதைக் கண்டாலும் புது ஒயில் விட்டுத் தொடர்ந்து ஓடாதீர்கள். கோப்பையோடு கராஜுக்குப் போங்கள். இந்த நிலையில் சம்பைக் கழற்றிப் பார்த்தால் ஒரு பெயாறிங்கோடு போகக்கூடும். இன்னும் நூறு மைல் ஓடினால் கிறாங்கும் போகும்.

ஒயில் பால்கோப்பி நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. தலைக் காஸ்கற்றைப் பார்க்க வேண்டும். பெற்றோல் மணம் அடித்து மட்டமும் கூடியிருந்தால் சோக்கை அளவுக்கு மிஞ்சி இழுத்து வைத்திருக்கலாம். எஞ்சினின் பக்கத்தில் பொருத்திய இயந்திரப் பெற்றோல் பம்பு உள்ள கார்களில், அதன் றப்பர்ச் சவ்வு கிழிந்து பெற்றோல் நேரே சம்புக்குள் வடிவதும் உண்டு. அதைத் திருத்தாமல் எத்தனை தடவை ஒயில் மாற்றினாலும் பயனில்லை.

நட்டைப் பூட்டும்போது புதுச் செம்பு வாசர் போடுங்கள். பெலத்தைக் காட்டி இறுக்கிப் புரியைக் கெடுக்க வேண்டாம். பில்ரரின் உள்ளீட்டை மாற்றி, அதன் கிண்ணத்தைத் துடைத்து, றப்பர் வளையத்தையும் புதிதாக்குங்கள். ஒயில் விட்டபின் உடனே தொடக்காமல், பிளக்குகளைக் கழற்றிவிட்டுக் கைப்பிடியாலோ ஸ்ராட்டராலோ சுழற்றி, ஒயில் அழுத்த மானி அசைவதைக் கண்டபின் பிளக்கைப் பூட்டித் தொடக்குங்கள். நல்ல எஞ்சினில் சூடான பின் ஓடும்போது சதுர அங்குலத்துக்கு 50 முதல் 60 றாத்தலும், நின்று துடிக்கும்போது 15 றாத்தலுக்குக் குறையாமலும் காட்டும்.

பழைய ஒயிலை எங்கே ஊற்றுவது

இது காருக்கு வெளியேயுள்ள விஷயம் என்று கடந்து போகக்கூடாது. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. செம்மண்ணுக்குக் கீழே வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணாம்புக்கல். அதற்குள் உப்பு நீரின் மேல் மிதக்கும் மழைநீரே எங்கள் குடிநீர். மேலே ஊற்றியது வடிபடாமலே கீழே போய்விடும். ஒரு தடவை மாற்றும் ஒயில் பத்து லட்சம் கலன் நன்னீரைக் கெடுக்கவல்லது என்று அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகவரகம் சொல்கின்றது. சுன்னாகத்தில் மின் உற்பத்தி நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், மின் உற்பத்தி நிறுவனம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததை நினைவில் வையுங்கள். வலிகாமத்துத் தாய்மார் போத்தல் தண்ணீரையும் பவுசர் தண்ணீரையும் எதிர்பார்த்து நின்ற காலம் அது. பெரிய நிலையம் செய்தால் வழக்கு. பத்தாயிரம் வளவுகளில் நாலு லீற்றர் வீதம் ஊற்றினால் வழக்குப் போட ஆளில்லை, கெடுவது அதே நீர்தான்.

ஆகவே வடிந்த ஒயிலை அது வந்த கலனிலேயே விட்டு மூடி, மழை படாத இடத்தில் வையுங்கள். தண்ணீரோ பெற்றோலோ அதனுள் கலக்க வேண்டாம். வாகன சேவிஸ் நிலையங்களில் சேர்ந்த ஒயிலை எடுத்துச் செல்வோர் வருவதுண்டு. உங்களுடையதையும் ஏற்பார்களா என்று கேளுங்கள். கராஜ் நடத்தும் இளைஞர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து ஒரு பரலை வைத்தால், ஊரிலுள்ள எல்லோரும் கொண்டுவந்து ஊற்றலாம். கிராம அபிவிருத்திச் சங்கமோ பங்கின் இளைஞர் குழுவோ இதை இலகுவில் ஒழுங்குபடுத்தும். கறையானுக்கு வேலிக் கதியாலிலும் வளையிலும் கழிவு ஒயில் பூசுவது எம்மவர் வழக்கம். கிணற்றடிக்கும் தோட்டத்துக்கும் கிட்ட அதைச் செய்யாதீர்கள். அடுப்பில் விட்டு எரிக்கவும் வேண்டாம். கழிவு ஒயில் தொடர்ந்து தோலில் படுவது புற்றுநோய்க்கு ஏதுவாகலாம் என்பதால், வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவுங்கள். மண்ணெண்ணெயால் கை கழுவுவது தோலுக்கு இன்னும் கெடுதி.

கார் இல்லாதவர்களும் இந்தப் பாடத்தைத் தோட்டத்துக்குக் கொண்டு போகலாம். தண்ணீர் இறைக்கும் சிறு எஞ்சினுக்கு ஒயில் பில்ரரே இல்லை. உள்ளேயுள்ள ஒரு சிறு கரண்டி ஒயிலை அடித்துத் தெறிக்கச் செய்வதோடு சரி. தேய்ந்த தூள் முழுவதும் அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். புதிதாக வாங்கியதானாலும் றிங் மாற்றியதானாலும் முதல் இருபது மணித்தியால இறைப்போடு ஒயிலை மாற்றுங்கள். பின்பு நூறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. கொள்வது அரை லீற்றருக்குச் சற்று மேல். மண்ணெண்ணெயில் ஓடுவதானால் இன்னும் முந்தியே மாற்ற வேண்டும். காரணம் மேலே சொன்னதே. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியபோது, றிங் பொருந்தாத எஞ்சின் வைத்திருந்த தோட்டக்காரருக்கு அதன் விலை நன்றாகத் தெரிந்திருக்கும். இறைக்கும் மணித்தியாலத்தை யாரும் எண்ணி வைப்பதில்லை. எஞ்சின் கொட்டிலின் கதவிலோ மரத்திலோ ஒரு பழைய கொப்பியைக் கட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொரு இறைப்புக்கும் ஒரு கோடு போட்டு வந்தால், மாற்ற வேண்டிய நாளை அதுவே சொல்லும்.